மாரி மழைக்கும் தாக்குப்பிடித்த குசினி வழிகள்

பிரிட்ஜ் இருக்கிறதுதானே என்ற துணிவில்தான் யாழ்ப்பாணத்தில் நிறையச் சாமான் பழுதாகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் சாமானைக் கெடுப்பது சூடு அல்ல, ஈரம். பல மாரிகளில் பாவித்துப் பார்த்ததில் தேறியவையும் தேறாதவையும் இவை.

அரிசிக்கு வேப்பிலை போடுவது எல்லா வீட்டிலும் உண்டு. நிழலில் சருகாகக் காய்ந்த இலையென்றால் வெளியிலிருந்து வரும் வண்டைக் கொஞ்சம் தள்ளி வைக்கும், அவ்வளவுதான். வண்டு முட்டையிடுவது அரிசி மணிக்குள்ளே. கடையிலிருந்தே முட்டையோடு வந்த அரிசியை வேப்பிலை ஒன்றும் செய்யாது. பச்சை இலை இன்னும் மோசம்: அதைச் சுற்றியுள்ள அரிசி ஈரித்து மக்கல் மணம் வரும். வெயிலில் பரப்பினால் ஓடுகிற வண்டு ஓடும், முட்டை தங்கும். பச்சையரிசி கடும் வெயிலில் கீறி, சமைக்கும்போது குறுணலாகும்.

உறுதியான வழி குளிர்தான். 2 கிலோ வீதம் பொலித்தீன் பையில் போட்டு, காற்றை அமத்தி வெளியேற்றிக் கட்டி, பிரீசரில் -18 பாகையில் 4 நாள். உழுந்து, பயறு, ரவைக்கும் இதே கணக்கு. பலர் பிழைவிடுவது அதற்குப் பிறகு: வெளியே எடுத்ததும் பையை அவிழ்க்கிறார்கள். காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த மணிகளில் படிந்துவிடும். கட்டிய பையை ஒரு இரவு அப்படியே விட்டு, வெளிப்பக்கம் நன்றாக உலர்ந்த பிறகே பேணியில் கொட்டவேண்டும்.

வறுத்த மாவும் மிளகாய்த்தூளும் கெடுவது பெரும்பாலும் முதல் நாளிலேயே. மில்லில் திரித்த தூள் கைச்சூட்டுக்கு மேலேயே இருக்கும். அதை உடனே போத்தலில் அடைத்தால் மூடியின் உட்பக்கம் வியர்க்கும். அந்தத் துளி விழுந்த இடம் கட்டிபட்டு, பிறகு பூஞ்சணம். சுளகில் மெல்லியதாகப் பரப்பி, அடித்தூளும் குளிர்ந்த பின் அடையுங்கள். 250 கிராம் மட்டும் அன்றாடப் போத்தலில் இருக்கட்டும். மிச்சத்தைத் திறக்கவே வேண்டாம். இன்னொன்று, கொதிக்கிற சட்டிக்கு மேலே போத்தலைச் சரித்துத் தட்டும் பழக்கம். ஆவி நேரே உள்ளே போகும். தூளைக் கரண்டியில் எடுத்து, மூடியைப் பூட்டிவிட்டுச் சட்டியடிக்குப் போங்கள். பூஞ்சணம் பிடித்த தூளை மறுபடி வறுத்துப் பாவிக்கக் கூடாது. நஞ்சு வறுவலில் போகாது.

சின்ன வெங்காயத்தைப் பிரிட்ஜில் வைக்காதீர்கள், நனைந்து முளைக்கும். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையிலோ சுன்னாகத்திலோ வாங்கி வந்ததும் பையிலிருந்து கொட்டி, கழுத்து மெத்தென்றிருப்பதைப் பொறுக்கி முதலில் கறிக்கு எடுங்கள். மற்றதைக் கடகத்தில் இரண்டு அடுக்குக்கு மேல் போகாமல், காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். பிடியாகக் கட்டித் தொங்கவிட்டால் அதைவிட நல்லது. உருளைக்கிழங்கு பக்கத்தில் வேண்டாம்.

கறிவேப்பிலையைக் கழுவாமல், ஈர்க்கோடு, உலர்ந்த பேப்பர் விரித்த டப்பாவில் மூடி வைத்தால் இரண்டு கிழமை தாங்கும். பிரிட்ஜின் பின்சுவரில் முட்டினால் கறுத்துவிடும். பச்சை மிளகாய்க்குக் காம்பைக் கிள்ளிவிட்டு இதே முறை. தக்காளி பழுக்கும்வரை வெளியே. வாழைக்குலைக்குக் கிட்ட வைத்தால் நீங்கள் நினைப்பதற்கு முன்பே பழுத்துவிடும்.

பனங்கட்டி காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கசியும். அதைப் பொதிந்த ஓலைக் குட்டானைப் பிரிக்காமல் இறுக்கமான பேணியில் போடுங்கள், பிரிட்ஜ் தேவையில்லை. புளிக்குக் கண்ணாடியோ மண்சாடியோதான், தகரத்தை அரித்துவிடும். கறுப்பது பழுதல்ல. கருவாட்டில் இளஞ்சிவப்புப் படலம் கண்டால் காயவைத்துத் திருத்தப் பார்க்காமல் எறியவேண்டியதுதான்.

2022 இல் 13 மணி நேர மின்வெட்டு வரை பார்த்த ஊர் இது, ஆகவே பிரீசருக்கும் ஒரு ஏற்பாடு வேண்டும். வெறுமையான இடத்தைத் தண்ணீர்ப் போத்தல்களால் நிரப்புங்கள். உறையும்போது தண்ணீர் விரியும் என்பதால் மேலே நாலு விரல் விடுங்கள். நிறைந்த பிரீசர் திறக்காமலிருந்தால் ஏறக்குறைய 48 மணி நேரம் குளிர் காக்கும், பாதி நிறைந்தது 24. பிரிட்ஜ் பகுதிக்கு 4 மணி நேரந்தான். ஒரு கோப்பைத் தண்ணீரை உறையவைத்து, அதன்மேல் ஐந்து ரூபாய்க் குத்தி ஒன்றை வையுங்கள். வெளியூர் போய் வந்து பார்க்கையில் குத்தி மேலேயே இருந்தால் பயமில்லை. அடியில் போய் உறைந்து கிடந்தால் இடையில் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது, மீன் கல்லுப்போல இருந்தாலும் சமைக்காதீர்கள்.