குப்பைக்குழியா, ஆட்டுக்கிடையா, சாண எரிவாயுவா: ஊருணித் தண்ணீருக்கு எது நல்லது?

செட்டிநாட்டுக்கு வற்றாத ஆறு கிடையாது. கண்மாய், ஊருணி, கிணறு, அவ்வளவுதான். ஐப்பசி கார்த்திகை மழை வரத்துக்கால் (கண்மாய்க்கும் ஊருணிக்கும் நீர் கொண்டுவரும் வாய்க்கால்) வழியாக எதைக் கழுவிக்கொண்டு வருகிறதோ, கோடை வரைக்கும் ஊர் அதைத்தான் புழங்கியாக வேண்டும். குடிநீர் ஊருணியில் மாட்டை இறக்கக் கூடாது என்று கட்டுப்பாடு வைத்த ஊர்களில்கூட, வரத்துக்கால் ஓரத்துச் சாணக் குப்பைமேட்டை யாரும் கேட்பதில்லை.

எருவிலுள்ள தழைச்சத்து (நைட்ரஜன்) மண்ணில் நைட்ரேட்டாக மாறித் தண்ணீரில் கலக்கும். அதைத் தடுக்க ஐரோப்பிய ஒன்றியம் 1991இல் கொண்டுவந்த நைட்ரேட் சட்டம் எருவின் அளவைக் கட்டுப்படுத்துகிறது. நைட்ரேட் ஆபத்துள்ள பகுதிகளில் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 170 கிலோ தழைச்சத்துக்கு மேல் கால்நடை எரு போகக் கூடாது. நம் நெல்லுக்குச் சொல்லும் தொழுவுரம் ஹெக்டேருக்கு 12.5 டன். அதில் அரை சதவீதம் தழைச்சத்து என்று வைத்தாலும் 62 கிலோ சொச்சம்தான். ஆகவே நம் வயலில் அளவைவிட இடமும் பருவமும்தான் முக்கியம் என்பேன். நிலமில்லாமல் பத்து இருபது கறவை மாடு வைத்திருப்பவர் கதை வேறு. அவருக்கு அளவுக் கணக்கும் வேண்டும்.

குப்பைக்குழிக்குச் செலவில்லை, அதுதான் அதன் ஒரே பலம். மூத்திரம் மண்ணில் இறங்குகிறது, சாணச்சாறு மழையில் ஓடுகிறது. பயிருக்குப் போகவேண்டிய சத்து கிணற்றுக்கும் கண்மாய்க்கும் போகிறது. மணிச்சத்து (பாஸ்பரஸ்) சேரச் சேரப் பாசியும் ஆகாயத்தாமரையும் மண்டும். குழிதான் வழி என்றால் மேட்டில் வெட்டி, சுற்றிலும் வரப்பு கட்டி, மேலே கீற்றுப் போடுங்கள்.

சாண எரிவாயுக் கலனைப் பலரும் முழுத் தீர்வாக நினைக்கிறார்கள். அடுப்புக்கு நல்லது, நாற்றமும் குறையும். ஆனால் வாயுவாகப் போவது பெரும்பாலும் மீத்தேனும் கரியமில வாயுவும்தான். தழைச்சத்து கழிவுக் கரைசலிலேயே தங்குகிறது, அதுவும் பயிர் சீக்கிரம் எடுக்கும் அம்மோனியம் வடிவில். அந்தக் கரைசலைப் பாய்ச்ச வயலோ, தென்னையோ, தீவனப்புல்லோ இல்லையென்றால் தெரு வாய்க்காலில்தான் விடுவார்கள். நிலமில்லாதவருக்குக் கலன் மட்டும் போதாது.

மானாவாரி நிலத்துக்கு என் தேர்வு ஆட்டுக்கிடைதான். கீதாரி (ஆட்டு மந்தை மேய்ப்பவர்) கோடையில் இரவில் ஆட்டை வயலில் அடைத்து, இடத்தை மாற்றிக்கொண்டே போவார். புழுக்கையும் மூத்திரமும் வயல் முழுக்கப் பரவும், ஓரிடத்தில் குவியாது. கிடை எழுந்ததும் உழுதுவிட வேண்டும், வெயிலில் கிடந்தால் சத்து ஆவியாகிவிடும். கிடை போட்ட வயலில் பழைய கணக்கிலேயே யூரியாவையும் போடுவதுதான் பெரிய தவறு. பயிர் எடுத்தது போக மிச்சம் தண்ணீரில்தான் சேரும். கிடைக்கு ஏற்ப யூரியாவைக் குறைக்க வேண்டும். கண்மாய் உள்வாயிலும் (நீர் தேங்கும் பகுதி) வரத்துக்கால் ஓரத்திலும் கிடை கூடாது.

தொழுவத்துக்குப் பக்கத்தில் கிணறு இருப்பவர்கள் தண்ணீரைச் சோதித்துவிடுங்கள். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். மீறினால் கைக்குழந்தைகளின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறன் குறையும். காய்ச்சினாலும் நைட்ரேட் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடத்தான் செய்யும்.