அயர்லாந்து வீட்டுக்குச் சந்தா இல்லாத டிவி: காம்போ பெட்டி தேறுமா?

மாதக் கட்டணம் வேண்டாம் என்போருக்கு என் ஓட்டு, டிஷ், கூரை ஆன்டெனா இரண்டின் சேனல்களையும் ஒன்றாகத் தரும் காம்போ பெட்டிக்குத்தான். காரணம் எளிது: பிபிசி, ஐடிவி எல்லாம் 28.2 டிகிரி கிழக்கில் உள்ள அஸ்ட்ரா செயற்கைக்கோளில் இலவசம். ஆனால் அயர்லாந்தின் தேசிய ஒளிபரப்பான ஆர்டிஇ அங்கே இலவசமாக இல்லை. அதற்கு சோர்வியூ, அதாவது ஆன்டெனா வழியே வரும் அயர்லாந்தின் இலவச டிவி சேவை வேண்டும். வெறும் ஃப்ரீசாட் (பிரிட்டனின் இலவசச் செயற்கைக்கோள் டிவி சேவை) பெட்டி வாங்கினால் உள்ளூர்ச் செய்திக்கு ரிமோட்டை மாற்றிக்கொண்டே இருக்கவேண்டியதுதான்.

பெட்டியில் டிவிபி-எஸ்2 (எச்டி செயற்கைக்கோள் சேனல்களைப் பிடிக்கும் தொழில்நுட்பம்) இருக்கிறதா என்று பாருங்கள். பிபிசியின் எஸ்டி (சாதாரணத் தெளிவு) செயற்கைக்கோள் ஒளிபரப்பு 2024 தொடக்கத்தில் நின்றுவிட்டதால், பரணில் கிடக்கும் பழைய எஸ்டி பெட்டிக்கு இனி வேலை குறைவு.

பலர் சறுக்குவது எல்என்பியில், அதாவது டிஷ் முன்னால் சிக்னலைப் பிடிக்கும் சிறு கருவியில். சுவரில் ஏற்கெனவே ஸ்கை (கட்டண டிவி நிறுவனம்) டிஷ் இருந்தால் பாதி வேலை முடிந்தது. ஆனால் அது ஸ்கை க்யூ என்ற ஸ்கையின் பெட்டிக்கான வைட்பேண்ட் வகை எல்என்பி என்றால் சாதாரணப் பெட்டி ஒரு சேனலையும் பிடிக்காது. பெட்டியைத் திருப்பிக் கொடுக்காதீர்கள், சாதாரணப் பெட்டிக்கு ஏற்ற, நான்கு இணைப்புள்ள யுனிவர்சல் குவாட் எல்என்பி மாட்டுங்கள். ஒன்றைப் பார்த்தபடி இன்னொன்றைப் பதிவு செய்ய இரட்டை ட்யூனரும் இரண்டு கேபிளும் தேவை.

கேபிள் முனையில் வரும் எஃப் கனெக்டரைத் திருகுமுன் உற்றுப் பாருங்கள்: வெளிப்பின்னலின் ஒரு மயிரிழை நடுக்கம்பியைத் தொட்டாலும் ஷார்ட் ஆகி, எல்என்பிக்கு மின்சாரம் போகாது.

குறை? நிகழ்ச்சிப் பட்டியல். ஃப்ரீசாட்டின் ஏழு நாள் பட்டியலை மலிவுப் பெட்டிகள் பெரும்பாலும் படிப்பதில்லை. இப்போது, அடுத்து என்பதோடு சரி. சேனல் வரிசையையும் கையால்தான் அடுக்கவேண்டும், ஒரு மாலைப்பொழுது போய்விடும்.