டெல்டாவுக்கு ஒரு சட்டம், ஏரிகளுக்கு வேறொரு சட்டம்

2023 ஏப்ரல் தொடக்கத்தில் ஒன்றிய அரசின் நிலக்கரி ஏலப் பட்டியலில் வடசேரி, சேத்தியாத்தோப்பு கிழக்கு, மைக்கேல்பட்டி என்ற பெயர்களைப் பார்த்ததும் காவிரிப் படுகையே கொதித்தது. முதல்வர் ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். டெல்டாவில் சுரங்கத்தை அனுமதிக்க மாட்டோம் என்று சட்டப்பேரவையிலும் சொன்னார். 8ஆம் தேதி மூன்று இடங்களும் ஏலத்திலிருந்து நீக்கப்பட்டன. அதே மாதம் 21ஆம் தேதி, கூட்டத்தொடரின் கடைசி நாளில், அதே பேரவை தமிழ்நாடு நில ஒருங்கிணைப்பு (சிறப்புத் திட்டங்களுக்கான) சட்ட முன்வடிவை விவாதம் இல்லாமலே நிறைவேற்றியது.

ஏப்ரல் தொடக்கத்தில் வாதத்துக்குக் கைகொடுத்தது 2020ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டம். 21ஆம் தேதி வந்தது நேர் எதிர்த் திசையில் போகும் சட்டம். இரண்டும் நிலத்தையும் நீரையும் பற்றியவைதான். ஆனால் காப்பாற்றும் முறையில் இரண்டுக்கும் நிறைய தூரம்.

2020 சட்டம் சும்மா வந்ததல்ல. மன்னார்குடி மீத்தேன் திட்டத்துக்கு எதிராகவும், பிறகு 2017இல் நெடுவாசலிலும் கதிராமங்கலத்திலும் மக்கள் நடத்திய போராட்டங்கள் அதற்குப் பின்னால் இருக்கின்றன. 2020 ஜனவரியில் எண்ணெய், எரிவாயு ஆய்வுக் கிணறுகளுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பு தேவையில்லை என்று ஒன்றிய அரசு விதியைத் தளர்த்தியது. அடுத்த மாதமே, எடப்பாடி பழனிசாமி ஆட்சியில், பிப்ரவரி 20 அன்று இந்தச் சட்டம் நிறைவேறியது.

இதன் அமைப்பு எளிமையானது. ஓர் இடப் பட்டியல், ஒரு தொழில் பட்டியல், அவ்வளவுதான். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் (இன்றைய மயிலாடுதுறையும் அப்போது நாகையில்தான் இருந்தது) மாவட்டங்களும், கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில ஒன்றியங்களும்தான் இடங்கள். அங்கே எண்ணெய், எரிவாயு, நிலக்கரிப் படுகை மீத்தேன், ஷேல் எரிவாயு ஆகியவற்றுக்கான புதிய ஆய்வும் துளையிடுதலும் கூடாது. உருக்கு, தாமிரம், துத்தநாகம், அலுமினியம் ஆலைகள், தோல் பதனிடும் தொழில், கப்பல் உடைக்கும் தொழில் ஆகியவையும் கூடாது. நிபுணர் குழுவோ நிறுவனத்தின் உறுதிமொழியோ இதை மாற்ற முடியாது. இதன் பெரிய பலமே இதுதான் என்று நினைக்கிறேன்.

குறைகளும் உண்டு. ஏற்கெனவே இயங்கும் எண்ணெய்க் கிணறுகளை இது தொடவில்லை. துறைமுகம், குழாய்ப்பாதை, சாலை, மின்திட்டங்களுக்கு விலக்கு இருக்கிறது. காவிரித் தண்ணீர் பாயும் திருச்சி, கரூர், அரியலூர் மாவட்டங்கள் பட்டியலுக்கு வெளியே நிற்கின்றன. அந்த ஏப்ரலில் ஏலத்துக்கு வந்த மைக்கேல்பட்டி அரியலூரில்தான் இருக்கிறது. அந்த ஊருக்கு அன்று சட்டம் துணை நிற்கவில்லை, எதிர்ப்புதான் நின்றது. தடைப் பட்டியலில் நிலக்கரிச் சுரங்கம் என்று தனியாக ஒரு வரியும் இல்லை. அதைத் திருத்திச் சேர்க்க வேண்டும். டெல்டாவைத் தாண்டினால் நிலைமை இன்னும் மோசம். 2025இல் ராமநாதபுரம் மாவட்டத்தில் 20 ஆய்வுக் கிணறுகளுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்த செய்தி வந்தபோது, தடுக்க எந்தப் பட்டியலும் இல்லை. அரசு தலையிட்டு அனுமதியைத் திரும்பப் பெறச் சொல்ல வேண்டியிருந்தது.

சரி, 2023 சட்டத்துக்கு வருவோம். இங்கே தொடக்கப்புள்ளியே திட்டக்காரரின் விண்ணப்பம்தான். 100 ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில், நடுவே ஏரியோ ஓடையோ வாய்க்காலோ இருந்தால், அரசு அதைச் சிறப்புத் திட்டமாக அறிவிக்கலாம். அந்த நிலத்தையும் நீர்நிலையையும் எப்படி மாற்றியமைப்பது என்ற நில ஒருங்கிணைப்புத் திட்டத்தை நான்கு பேர் கொண்ட நிபுணர் குழு ஆராயும், ஆட்சேபங்களைக் கேட்கும், பிறகு அரசு முடிவெடுக்கும். நீரின் கொள்ளளவும் ஓட்டமும் குறையக் கூடாது என்பது நிபந்தனை.

அரசு சொல்லும் காரணத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. பெரிய திட்ட நிலங்களுக்கு நடுவே வாய்க்கால், வண்டிப்பாதை என்று புறம்போக்குத் துண்டுகள் குறுக்கிடும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக நிலப் பரிமாற்றம், தனித்தனியாகக் கோப்பு என்று போகும்போது முழுப் படத்தை யாரும் பார்ப்பதில்லை. மொத்தமாக ஒரே வரைபடத்தில் பார்ப்பது நல்லதுதான். என் கவலை அந்த நிபந்தனையைப் பற்றியது.

ஏரி என்பது தண்ணீர்த் தொட்டி அல்ல. வரத்து வாய்க்கால், நீர்ப்பிடிப்பு, கரை, மதகு, உபரி நீர் வழியும் கலங்கல், ஏரி நீர் பாயும் வயல்களான ஆயக்கட்டு எல்லாம் சேர்ந்ததுதான் ஏரி. மேல் ஏரி நிரம்பி, கலங்கல் வழியாக வழிந்து, கீழ் ஏரிக்குப் போகும். கரையை அரை கிலோமீட்டர் நகர்த்தி, வேறு பக்கம் ஆழமாகத் தோண்டி, அதே கன அடியைக் கணக்கில் காட்டிவிடலாம். ஆனால் ஆழப்படுத்திய பள்ளத்தில் நிற்கும் தண்ணீர் மதகுக்குக் கீழே இருந்தால் வயலுக்கு எப்படிப் பாயும்? கொள்ளளவு ஒரு சொட்டும் குறையாமல் ஆயக்கட்டு முழுக்கக் காய்ந்துபோக வழியிருக்கிறது. பரந்தூர் விமான நிலையத் திட்டப் பகுதி மக்கள் பயப்படுவதும் இதற்குத்தான். பாலாற்றுத் தண்ணீரை வழியிலுள்ள ஏரிகளுக்குக் கொடுத்தபடி ஸ்ரீபெரும்புதூர் ஏரி வரை கொண்டுபோகும் கம்பன் கால்வாய் அந்தப் பகுதி வழியாகத்தான் ஓடுகிறது.

இடையில் இன்னொரு சட்டத்தையும் நினைவில் வைக்க வேண்டும். ஏரிகளை அளந்து, எல்லை குறித்து, ஆக்கிரமிப்பை அகற்ற 2007இல் தமிழ்நாடு தனிச்சட்டமே கொண்டுவந்தது. ஏரிக்குள் குடிசை போட்டவருக்கு அந்தச் சட்டப்படி நோட்டீஸ் வருகிறது. 100 ஹெக்டேர் வைத்திருப்பவருக்கு மட்டும் ஏரியை மாற்றியமைக்க ஒரு நடைமுறை இருக்கிறது. இது எனக்குச் சரியாகப் படவில்லை.

இரண்டில் எது மேல் என்று கேட்டால், குறைகளோடும் 2020 சட்டத்தின் பக்கம்தான் நிற்பேன். அதில், ஆலையோ கிணறோ ஏன் வரக் கூடாது என்று நிரூபிக்கும் பாரம் விவசாயியின் தலையில் இல்லை. 2023 சட்டத்தில் ஆட்சேபம் எழுதுவது, வரைபடத்தைப் புரிந்துகொள்வது, நீரியல் வாதம் செய்வது எல்லாம் ஊர்க்காரர்கள் வேலையாகிவிடுகிறது.

2023 சட்டத்தை நீக்க அரசு முன்வராவிட்டால், குறைந்தது ஒரு திருத்தமாவது வேண்டும். நிபுணர் குழுவின் முடிவுக்கு முன்னால் அந்த ஏரியின் ஆயக்கட்டு ஊர்கள் எல்லாவற்றிலும் கிராமசபை ஒப்புதல் கட்டாயமாக வேண்டும். இது நடக்காத காரியமல்ல. 2013இல் ஒடிசாவின் நியமகிரி மலையில், வன உரிமைச் சட்டத்தின் பலத்தில், உச்ச நீதிமன்றம் பாக்சைட் சுரங்கத்தைப் பற்றிக் கிராமசபைகளிடமே கேட்கச் சொன்னது. 12 கிராமசபைகள் கூடின, பன்னிரண்டும் வேண்டாம் என்றன. அங்கே சுரங்கம் வரவில்லை.