"வாழ்நாள் லைசென்ஸ்" ப்ளகின் மூட்டை: வாங்குவதற்கு முன் இதைப் படியுங்கள்

வேர்ட்பிரஸ் (வெப்சைட் செய்யும் இலவச மென்பொருள்), அதில் ஆன்லைன் கடை நடத்த உதவும் வூகாமர்ஸ் வைத்துத் தனியாளாக வெப்சைட் செய்து பிழைப்பவர்களுக்கு டெலிகிராமில் ஒரு விளம்பரம் அடிக்கடி கண்ணில் படும். காசு கொடுத்து வாங்கும் தீம் (தளத்தின் தோற்றம்), பேஜ் பில்டர், கூகுள் தேடலில் முன்னே வர உதவும் எஸ்இஓ ப்ளகின் (தளத்தில் கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் துணை மென்பொருள்) எல்லாம் ஒரே மூட்டையாக 1,499 ரூபாய். ஒரிஜினல், வாழ்நாள் அப்டேட், எத்தனை கிளையன்டுக்கும் போட்டுக்கொள்ளலாம். அப்படி ஒருவரிடம் நான் வாங்கினேன். அவர் கொடுத்தது என்ன என்பதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் அவர் பேச்சு. "இது பைரசி இல்ல ப்ரோ, ஜிபிஎல். சட்டப்படி யார் வேணா விக்கலாம்" என்றார். இதில் பாதி உண்மை, அதனால்தான் எடுபடுகிறது. வேர்ட்பிரஸ் ஜிபிஎல் உரிமத்தில் வருவது, அதாவது யாரும் எடுத்து மாற்றலாம், பகிரலாம், விற்கலாம். 2003இல் மேட் முல்லன்வெக்கும் மைக் லிட்டிலும் பி2 என்ற பழைய மென்பொருளை எடுத்து, மாற்றி, வேர்ட்பிரஸ் என்று வெளியிட முடிந்ததே அந்த உரிமத்தால்தான். ஜிபிஎல்லில் வரும் ப்ளகினை ஒருவர் வாங்கி மறுபடி விற்றால் அந்த உரிமம் தடுக்காது. ஆனால் நாம் கம்பெனிக்குக் கட்டும் காசு கோடுக்கு (நிரலுக்கு) மட்டுமில்லை. லைசென்ஸ் கீ, அப்டேட், சப்போர்ட் எல்லாம் அதில்தான் வருகின்றன. இன்னொன்று, மாற்றும் உரிமை எல்லோருக்கும் உண்டு என்றால் விற்கிறவருக்கும் உண்டு. நடுவில் அவர் என்ன மாற்றினார் என்பதை ஜிபிஎல் சொல்லாது.

சென்னிமலைப் பக்கம் பெட்ஷீட், துண்டு விற்கும் ஒரு கடைக்கு அந்த மூட்டையை வைத்து ஆன்லைன் ஸ்டோர் செய்து கொடுத்திருந்தேன். தீபாவளி சீசன் தொடங்கும்போது கடைக்காரர் போன் செய்தார். "ஏனுங்க தம்பி, நம்ம கடைப் பேரைக் கூகுள்ல போட்டா என்னமோ சப்பான் எழுத்தா வருதுங்களே, நீங்க போட்டீங்களா?"

தளத்தைத் திறந்தால் எல்லாம் சரியாக இருந்தது. இந்த வகைத் தாக்குதலின் சாமர்த்தியமே அதுதான். கூகுளின் ரோபோவுக்கு ஒரு பக்கம், மனிதருக்கு வேறு பக்கம். அந்த ஜப்பானிய இணைப்பைச் சொடுக்கிப் பார்த்தால் "பக்கம் இல்லை" என்ற 404 வரும், நாமும் போய்விட்டது என்று நினைத்துக்கொள்வோம். தளம் கூகுள் தேடலில் எப்படி வருகிறது என்று உரிமையாளருக்குக் காட்டும் கூகுளின் சர்ச் கன்சோலில் பார்த்தேன். முன்பின் தெரியாத ஒரு ஜிமெயில் முகவரி தளத்தின் உரிமையாளராகச் சேர்ந்திருந்தது. தளத்தின் பக்கங்களைக் கூகுளுக்குப் பட்டியலிடும் சைட்மேப்பும் அவர்களுடையது.

சர்வரில் டபிள்யூபி-சிஎல்ஐ (வேர்ட்பிரஸைக் கட்டளை அடித்து இயக்கும் கருவி) வைத்து வேர்ட்பிரஸின் மூலக் கோப்புகளைச் சரிபார்த்தேன், சுத்தம். ப்ளகின்களையும் அதே மாதிரி சரிபார்க்கலாம்தான், ஆனால் வேர்ட்பிரஸின் சொந்தத் தளமான வேர்ட்பிரஸ்.ஆர்க் பட்டியலில் உள்ள இலவச ப்ளகின்களுக்குத்தான் அது வேலை செய்யும். காசு கொடுத்து வாங்கியவற்றுக்கு ஒப்பிட அங்கே செக்சம் (கோப்பு மாறியிருக்கிறதா என்று காட்டும் கைரேகை மாதிரியான எண்) கிடையாது. ஓட்டை இருந்தது சரியாக அந்த இடத்தில். ஒரு ப்ளகினை அதன் கம்பெனியிடமே வாங்கி, அதே வெர்ஷனை இறக்கி, இரண்டையும் டிஃப் போட்டேன், அதாவது வரிக்கு வரி ஒப்பிட்டேன். மூட்டையில் வந்த பிரதியில் ஒரு கோப்பு கூடுதல். முதன்மைக் கோப்பின் தலையில் அதை இழுத்துக்கொள்ளும் ஒரே ஒரு வரி. உள்ளே பேஸ்64 என்ற முறையில், படித்தால் புரியாதபடி சுருட்டிய கோடு.

அது செய்த வேலைகளைச் சொன்னால் உங்கள் தளத்தில் தேட வசதியாக இருக்கும். படங்கள் போன்றவை மட்டும் இருக்கவேண்டிய அப்லோட்ஸ் ஃபோல்டரில் வாயில் நுழையாத பெயரோடு பிஎச்பி கோப்புகள் (சர்வரில் ஓடும் நிரல்கள்). ஒரு மறைவான அட்மின்: டாஷ்போர்டின் யூசர்ஸ் பட்டியலில் தெரியாது, டேட்டாபேஸைப் பார்க்க உதவும் பிஎச்பிமைஅட்மினில் யூசர்ஸ் டேபிளைத் திறந்தால் உட்கார்ந்திருப்பார். போதாததற்கு, அதே ஹோஸ்டிங் கணக்கில் இருந்த என் மற்ற கிளையன்டுகளின் தீம்களிலும் ஃபங்ஷன்ஸ்.பிஎச்பி கோப்புக்குள் அதே வரி. அவற்றில் ஒரு தளத்தில் இந்த மூட்டையிலிருந்து எதையுமே போடவில்லை!

இது புதிய வித்தையும் இல்லை. டபிள்யூபி-விசிடி என்ற மால்வேர் இப்படித்தான், உடைத்த தீம், ப்ளகின் வழியாக ஏறி அக்கம்பக்கத்துத் தளங்களுக்குத் தாவும். 2019இல் வேர்ட்பிரஸ் பாதுகாப்பு நிறுவனமான வேர்ட்ஃபென்ஸ் அதைப் பற்றி விரிவாகவே எழுதியது.

விற்றவரிடம் டிஃப்பின் ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பினேன். பதில்: "ஓப்பன் சோர்ஸ்தானே ப்ரோ, கோடு யாராலயும் மாறியிருக்கலாம்." அடுத்த செய்திக்கு பிளாக். அவர் கொடுத்த பில்லில் ஜிஎஸ்டி எண் இல்லை, முகவரி இல்லை. யூபிஐயில் வந்த பெயர் வேறு யாருடையதோ.

சுத்தம் செய்வதில் பலர் விடுவது ஒன்று: கெட்ட கோப்பை அழித்தால் மட்டும் போதாது. வேர்ட்பிரஸையும் ப்ளகின்களையும் மூலத்திலிருந்து புதிதாக ஏற்றினேன். டேட்டாபேஸ், எஃப்டிபி, அட்மின் பாஸ்வேர்டுகள் எல்லாவற்றையும் மாற்றி, டபிள்யூபி-கான்ஃபிக் என்ற அமைப்புக் கோப்பில் சால்ட் கீகளையும் (லாகினைப் பாதுகாக்கும் ரகசியச் சொற்கள்) மாற்றினேன். சால்ட் மாறினால்தான் ஏற்கெனவே உள்ளே லாகின் ஆகி இருப்பவர் வெளியே விழுவார். அப்லோட்ஸில் பிஎச்பி ஓடாதபடி சர்வரில் தடை போட்டேன். சர்ச் கன்சோலில் அந்த உரிமையாளரை நீக்குவதற்கு முன், தளம் தன்னுடையது என்று கூகுளிடம் காட்ட அவர் வைத்திருந்த வெரிஃபிகேஷன் கோப்பைத் தேடி அழிக்கவேண்டும், இல்லையென்றால் திரும்பச் சேர்ந்துகொள்வார். ஜப்பானிய பக்கங்கள் கூகுளிலிருந்து ஒரேயடியாகப் போகவில்லை, கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்தன. கடைக்காரருக்கு அந்த சீசன் போனது போனதுதான்.

இப்போது அந்தக் கடையின் தளத்தில் பெரும்பாலும் வேர்ட்பிரஸ்.ஆர்க்கில் கிடைக்கும் இலவச ப்ளகின்கள்தான். சின்னக் கடைக்கு அவையே தாராளம். தேவையான ஒன்றிரண்டு கட்டண ப்ளகின்களைக் கடைக்காரர் பெயரிலேயே கம்பெனியிடம் வாங்கி, எஸ்டிமேட்டில் தனி வரியாகப் போட்டுவிட்டேன். லைசென்ஸ் உண்மையா என்று பார்க்க, தயாரித்த கம்பெனியின் தளத்தில் உங்கள் கணக்கில் அந்தக் கீ தெரிகிறதா என்று பாருங்கள். "ஏற்கெனவே ஆக்டிவேட் பண்ணிட்டோம்" என்று வரும் ஜிப் கோப்பில் கையே வைக்காதீர்கள்.

ஏற்கெனவே வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் சைபர் கிரைம் உதவி எண்ணான 1930க்கு அழைக்கலாம், அல்லது தேசிய சைபர் கிரைம் இணையதளத்தில் புகார் பதியலாம். அதற்கு முன் டெலிகிராம் உரையாடலை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள், விற்றவர் இரண்டு பக்கமும் அழித்துவிட முடியும். யூபிஐ பரிவர்த்தனை எண்ணைக் குறித்துக்கொண்டு, வந்த ஜிப்பைப் பிரிக்காமல் அப்படியே ஒரு பென்டிரைவில் போட்டு வையுங்கள்.