இரும்புப் படிக்கு டூ பேக் எப்பாக்ஸி, மேல பியூ: ரெண்டு மழைக்காலம் தாண்டின பிறகு ஒரு ரிவ்யூ

வாங்கின மறுநாளே அஞ்சு ஸ்டார் போடுறவங்க பேச்சைக் கேட்டு பெயிண்ட் வாங்காதீங்க, எந்த பெயிண்டும் முதல் மாசம் பளபளன்னுதான் இருக்கும். அதனாலதான் ரெண்டு மழை முடியட்டும்னு காத்திருந்து இப்ப எழுதுறேன்.

வெளிப்பக்கமா மாடிக்கு ஏறுற இரும்புப் படி. வருஷா வருஷம் எனாமல் அடிப்பேன், வருஷா வருஷம் படியோட ஓரத்துலயும் வெல்டிங் வச்ச இடத்துலயும் முதல்ல கொப்புளம் வரும், நகத்தால கீறினா செதில் செதிலா உரியும், அடியில பார்த்தா துருப்பொடி. கம்பெனிக்காரன திட்டிட்டு திரும்பவும் அதையே அடிப்பேன். கடைசியா வெறுத்துப்போய் இண்டஸ்ட்ரியல் கோட்டிங் பக்கம் போனேன், எப்பாக்ஸி பிரைமர், எப்பாக்ஸி மிட் கோட், கடைசில பியூ, அதாவது பாலியூரித்தேன் ஃபினிஷ். எல்லாமே டூ பேக், ரெண்டு டப்பாவ கலந்து அடிக்கறது.

இது "ஸ்ட்ராங்கான பெயிண்ட்"னு நினைச்சுத்தான் வாங்கினேன். வேற ஜாதின்னு டின்ன திறந்தப்பதான் புரிஞ்சுது. சுவத்துக்கு அடிக்கிற எமல்ஷன்ல தண்ணி ஆவியாகிப் போகும், மிச்சம் ஒட்டிக்கும். எனாமல் காத்துல இருக்கற ஆக்சிஜன எடுத்துக்கிட்டு மெதுவா கெட்டியாகும். எப்பாக்ஸில தின்னர் பறந்து போறது பாதி கதைதான், ஒரு டப்பால வர பேஸும் (பெயிண்ட்) இன்னொரு டப்பால வர ஹார்டனரும் (இறுக வைக்கறது) ஒண்ணுக்கொண்ணு ரியாக்ட் ஆகித்தான் அது இறுகும். அதாவது கடையில நமக்கு குடுக்கறது பாதி சரக்கு, மீதிய நாமதான் அந்த இரும்பு மேல வச்சு தயார் பண்ணணும். என்னோடது பேஸ் 4க்கு ஹார்டனர் 1 கணக்கு, அளவு பாத்திரம் வச்சு கலக்கினேன். கண்ணளவுல ஊத்தி ஹார்டனர் குறைஞ்சா எத்தன நாள் விட்டாலும் பிசுபிசுன்னே நிக்கும், சீக்கிரம் காயட்டும்னு ஹார்டனர அதிகமா ஊத்தினாலும் சொதப்பல்தான். கலக்கிட்டா அப்புறம் கடிகாரம் ஓட ஆரம்பிச்சுடும், பாட் லைஃப், அதாவது கலக்கினது அடிக்கற பதத்துல இருக்கற நேரம், 25 டிகிரில 4 மணி நேரம்னு டின்ல போட்டிருந்தது, நான் கலக்கினது நல்ல வெயில் நாள், ரெண்டு மணி நேரம் தாண்டறதுக்குள்ள டப்பா கையில சுட ஆரம்பிச்சு உள்ள கூழாகிப்போச்சு, பிரஷ்ஷும் அதோட போச்சு. சின்னச் சின்னதா கலக்குங்க.

அடுத்த கூத்து இதவிட பெருசு. கீழ் ரெண்டு படியில பழைய எனாமல் நல்லாத்தானே ஒட்டியிருக்குன்னு சோம்பேறித்தனமா உப்புத்தாள் மட்டும் தேய்ச்சுட்டு அது மேலயே எப்பாக்ஸி அடிச்சேன். கால் மணி நேரத்துல காய்ச்சின பால் மேல ஆடை சுருங்குமே அந்த மாதிரி மொத்தமும் சுருங்கி எழும்பிடுச்சு. இதுல இருக்கற தின்னர் காரம் ஜாஸ்தி, பழைய எனாமல ஊற வச்சு தூக்கிடும். அத சுரண்டி எடுக்க ஒரு முழு நாள். அதுக்கப்புறம் மத்த படிகள கிரைண்டர்ல வயர் கப் பிரஷ் மாட்டி இரும்பு பளிச்னு தெரியற வரைக்கும் அடிச்சேன். ஃபேக்டரி வேலையில மணல் மாதிரி கிரிட் அடிச்சு எஸ்ஏ 2½ அளவுக்கு (துரு, பழைய பெயிண்ட் எல்லாம் கிட்டத்தட்ட முழுசா போற தரம்) சுத்தம் பண்ணுவாங்க, இரும்பு மேல கண்ணுக்கு லேசா தெரியற சொரசொரப்பு வரும், அந்த சொரசொரப்புலதான் பிரைமர் பிடிக்குது. வீட்ல அது நடக்காது, கிரைண்டர்தான் நம்ம எல்லை.

கனமும் சொல்லணும். எனாமல் ஒரு கோட் காஞ்சா 30 மைக்ரான் (மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) கிட்ட. இங்க மொத்தமா 200 மைக்ரானுக்கு மேல போகணும். ஈரமா இருக்கும்போதே சீப்பு மாதிரி ஒரு சின்ன தகடு வச்சு அழுத்திப் பார்க்கலாம், சாலிட்ஸ், அதாவது தின்னர் பறந்த பிறகு மிஞ்சற பங்கு, 60 சதவீதம்னா ஈரத்துல 200 மைக்ரான் காஞ்சா 120. தின்னர் தாராளமா ஊத்தினா இந்தக் கணக்கு படுத்துடும். வருஷா வருஷம் ஏன் ஓரத்துலயே துரு வந்துச்சுன்னும் இங்கதான் விடை கிடைச்சுது: கூரான விளிம்புல எந்த பெயிண்டும் நிக்காம ரெண்டு பக்கமும் இழுத்துக்கும், உச்சியில படலம் மெலிசாயிடும். அதனால விளிம்பு, வெல்டிங், போல்ட் எல்லாத்துக்கும் முதல்ல தனியா பிரஷ்ல ஒரு கை அடிக்கணும், ஸ்டிரைப் கோட்னு பேரு. எனக்கு இந்த ஒரு பழக்கத்துலயே போட்ட காசு வசூலாயிடுச்சு.

பியூ எதுக்குன்னா, எப்பாக்ஸிக்கு வெயில் ஆகாது, மாவு மாதிரி வெளுத்து கையில ஒட்டும். பியூ பளபளப்பு இன்னும் அப்படியே இருக்கு. ஆனா அதோட ஹார்டனர்ல ஐசோசயனேட் இருக்கு, மூச்சுக்கு கெட்டது, ஆஸ்துமா வரைக்கும் கொண்டு போகும், ஸ்ப்ரே அடிக்கற ஆசையே வேண்டாம். நான் வெளியில, பிரஷ்ல, கெமிக்கல் ஃபில்டர் மாஸ்க் போட்டுத்தான் அடிச்சேன். காலைல பனி ஈரம் இருந்த இரும்பு மேல ஒரு தடவை அவசரப்பட்டு அடிச்சேன், பொடிப்பொடியா குமிழி. இரும்போட சூடு டியூ பாயிண்டுக்கு (காத்து ஈரம் பனியா படிய ஆரம்பிக்கற சூடு) மேல 3 டிகிரியாவது இருக்கணும்னு டேட்டா ஷீட்ல தெளிவா இருந்தது, படிக்காதது என் தப்பு.

இதப் படிச்சுட்டு சுவத்துக்கும் இதையே அடிச்சா 20 வருஷம் வருமான்னு கேக்காதீங்க. சுவருக்குள்ள ஈரம் இருக்கும், எமல்ஷன் அத வெளிய விடும், எப்பாக்ஸி அடைச்சு வச்சுக்கும், அப்புறம் தகடு தகடா விழும். ஷேடும் சுவர் பெயிண்ட் மாதிரி ஆயிரக்கணக்குல கிடைக்காது, நாத்தமும் நாள் கணக்கா இருக்கும். அப்புறம் டின்ல "15லருந்து 25 வருஷம்" ரேஞ்சுல எதாவது பார்த்தீங்கன்னா அது கேரண்டி இல்ல, இரும்புக்கு அடிக்கற பெயிண்டுக்கான சர்வதேச தரம் ஐஎஸ்ஓ 12944ல "ஹை" டியூரபிலிட்டின்னு வச்சிருக்கற வகை, முதல் பெரிய மெயின்டனன்ஸ் வர எவ்வளவு காலம் ஆகும்னு திட்டம் போடறதுக்கான கணக்கு, அதுவும் சர்ஃபேஸ் ஒழுங்கா ரெடி பண்ணியிருந்தா.

இப்போ நிலவரம்: படி முழுக்க சுத்தமா இருக்கு, கைப்பிடி அடியில ஒரே ஒரு போல்ட் பின்னாடி மட்டும் துரு கசிஞ்ச கோடு. பிரஷ் எட்டலன்னு நான் விட்ட இடம்தான். டச் அப் பண்ணலாம்னு மிச்சம் இருந்த பியூ ஹார்டனர திறந்தா, காத்து ஈரம் பட்டு ஜெல்லி மாதிரி கட்டியாகிக் கிடக்கு. இந்த ஒரு விஷயத்துல எனாமல் எவ்வளவோ மேல், மூடி வச்சா அடுத்த வருஷமும் கிளறி அடிக்கலாம். ஒரு போல்ட்டுக்காக புது செட் வாங்க மனசு வரல. இப்போதைக்கு துருவ சுரண்டிட்டு எப்பாக்ஸி மட்டும் தொட்டு வச்சிருக்கேன், வெளுத்தா வெளுக்கட்டும்.