பழைய எடையறிந்த நகைக்கடை: சுங்கை சிப்புட்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் கடைத்தெருவில் இருக்கும் இந்தச் சிறிய நகைக்கடையில் எனக்கு மிகவும் பிடித்தது, பவுன், தோலா, குன்றிமணி என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் எடைகளை வாடிக்கையாளரின் கண்ணெதிரே கிராமாக மாற்றி, புள்ளிக்குப் பின்வரும் எண்களையும் விடாமல் சீட்டில் எழுதித் தரும் வழக்கமே. சுற்றியுள்ள ரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் வெட்டிச் சேர்த்த பணத்தில் வாங்கிய நகைகளும், தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவந்த நகைகளும் இங்குப் பழுதுபார்க்கவும் மாற்றவும் வருகின்றன. அவற்றோடு வரும் பழைய சீட்டுகளில் கிராம் என்ற சொல்லே இருக்காது.

நான் சென்றிருந்தபோது ஒரு மூதாட்டி, மூத்த பேத்திக்குக் கொடுத்த சங்கிலியின் எடைக்கே இளைய பேத்திக்கும் ஒன்று செய்ய வேண்டும் என்று, ஒன்றரைத் தோலா எனக் குறித்த சீட்டை நீட்டினார். உடன் வந்தவர் தோலாவைப் பத்துக் கிராமாக எண்ணிப் பதினைந்து கிராம் என்றார். கடைக்காரர், "பாட்டி, பத்துப் பத்தா கணக்குப் போட்டா சின்னவளுக்கு ரெண்டரை கிராம் குறைஞ்சிடும்" என்று சொல்லி, கணிப்பானில் தட்டி 17.5 கிராம் என்று காட்டினார். அவர் கணக்கு சரியானது. பிரிட்டிஷ் இந்தியாவில் 1833இல் தோலா 180 கிரெயின் (ஆங்கிலேயரின் சிறிய எடை அளவு) என வரையறுக்கப்பட்டது, அது 11.66 கிராம், அக்காலத்து வெள்ளி ரூபாய் நாணயத்தின் எடையும் அதுவே. இன்றைய தங்க விலையில் இரண்டரை கிராம் சிறிய தொகை அன்று.

பவுனிலும் இதே கவனம் உண்டு. ஆங்கிலேயரின் சவரன் நாணயம் 7.988 கிராம் எடையுள்ள 22 காரட் தங்கம். கடைகளில் பவுன் என்றால் முழு 8 கிராம். பழைய காசுமாலை வந்தால் காசுகளை எண்ணிப் பவுன் சொல்லாமல், நூலை அவிழ்த்து, மணிகளுக்குள் இருக்கும் அரக்கின் எடையைக் கழிப்பதைச் சொல்லிவிட்டு, தராசில் வைக்கிறார்கள். உரைகல்லில் உரசிப் பார்த்த பிறகே விலை பேசுகிறார்கள்.

கண்ணாடிப் பேழையின் ஓரத்தில் கருப்பு மூக்குள்ள குன்றிமணிகளும், நம் தோட்டப் பள்ளித் திடல்களில் பிள்ளைகள் பொறுக்கிய சிவப்புச் சாகா விதைகளும் இரண்டு கிண்ணங்களில் இருக்கின்றன. சாகா விதையே நம் மஞ்சாடி. இளைஞர்கள் யாரேனும் கேட்டால், நான்கு மஞ்சாடியைத் தராசில் இட்டு ஏறக்குறைய ஒரு கிராம் வருவதையும், குன்றிமணி அதில் சுமார் பாதி எடையே இருப்பதையும் காட்டுகிறார்கள். இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி, இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு என்ற வாய்பாடு, இராஜராஜ சோழன் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு அளித்த பொன்னைப் பதிவு செய்த கல்வெட்டுகளின் அளவுகளோடு தொடர்புடையது. அங்குப் பொன்னை நிறுத்த எடைக்கல்லுக்கு, ஆடும் சிவனைக் குறிக்கும் ஆடவல்லான் என்றே பெயரிட்டிருந்தார்கள். விதைக்கு விதை எடை மாறும் என்பதால் விலை மின்தராசில்தான் என்றும் உடனே தெளிவுபடுத்துகிறார்கள். அந்த நேர்மை எனக்கு மிகவும் மதிப்பிற்குரியதாகப் பட்டது.

செய்கூலியை வாய்மொழியாகச் சொல்கிறார்கள். பலகையில் அன்றைய 916 (22 காரட்) தங்க விலைக்குப் பக்கத்தில் அதையும் எழுதிவைக்கலாம். சனிக்கிழமை மாலையில் கூட்டம் அதிகம், உட்கார இடமில்லை.

வெள்ளிப் பொருட்களில்தான் எனக்கு உண்மையான குறை உண்டு. கொலுசுக்கும் அரைஞாணுக்கும் எடையைக் கிராமில் துல்லியமாக எழுதும் இவர்கள், எத்தனை விழுக்காடு வெள்ளி என்பதை எழுதுவதில்லை. பழைய வெள்ளியை மாற்றும்போது இது வாடிக்கையாளருக்கே இழப்பாகும். நான் கேட்டபோது 925, அதாவது 92.5 விழுக்காடு வெள்ளி, என்று முகம் சுளிக்காமல் சீட்டில் சேர்த்துத் தந்தார்கள். கேட்காதவர்களுக்கும் அப்படியே எழுதித் தர வேண்டும்.