ஹைக்கா, ரெய்ஸா? சி.டி.சி-யா, டேக் ஹோமா?

ஏப்ரல் வந்தால் நம்மூர் ஆபீஸ் கேன்டீன்களில் ஒரே பேச்சு: "உனக்கு எத்தனை பர்சன்ட் ஹைக்?" இந்தச் சம்பள உயர்வையே லண்டன்காரர் 'பே ரைஸ்' என்பார், அமெரிக்கர் 'ரெய்ஸ்' என்பார். 'ஹைக்' தப்பில்லை, ஆனால் அங்கே அது விலை, வரி, வட்டி ஏறும்போதுதான் அதிகம் காதில் விழும். வெளிநாட்டு மேனேஜரிடம் கேட்கிறீர்களா? 'ரெய்ஸ்' என்றே கேளுங்கள்.

'இன்க்ரிமென்ட்' வேறு சாதி. ஏழாவது ஊதியக் குழுவின்படி மத்திய அரசு ஊழியருக்கு ஆண்டுக்கு 3%, ஜனவரி 1 அல்லது ஜூலை 1 அன்று தானாக ஏறும். ரெய்ஸ் வாய்விட்டுக் கேட்டு வாங்குவது. தனியார் கம்பெனிகளில் இரண்டையும் போட்டுக் குழப்புகிறார்கள், போகட்டும்.

காசு போகிற குழப்பம் சி.டி.சி-யில்தான் ('காஸ்ட் டு கம்பெனி', அதாவது நமக்காகக் கம்பெனி செய்யும் மொத்தச் செலவு). ஆண்டுக்கு 6 லட்சம் சி.டி.சி, மாத பேசிக் 25,000 என்று வையுங்கள். அந்த 6 லட்சத்துக்குள் கம்பெனி கட்டும் பி.எஃப். 3,000, கிராஜுவிட்டிக்கு (பணிக்கொடை) பேசிக்கில் 4.81% என ஏறக்குறைய 1,200 ரூபாய் மாதாமாதம் ஒளிந்திருக்கும். இவற்றைக் கழித்தால் வருவது 'கிராஸ்', சுமார் 45,800. அதில் நம் பங்கு பி.எஃப். 3,000, தொழில் வரி சுமார் 200 போனால் கைக்கு வரும் 'டேக் ஹோம்' சுமார் 42,600. இதற்கு நாம் வைத்திருக்கும் 'இன் ஹேண்ட்' இந்தியாவுக்கு வெளியே எடுபடாது. 'டேக் ஹோம் பே' அல்லது 'நெட் பே' என்றால்தான் புரியும். 6 லட்சத்தில் ஒரு பகுதி 'வேரியபிள் பே' (வேலைத்திறனைப் பொறுத்துக் கூடிக் குறையும் தொகை) என்றிருந்தால் மாதக் கணக்கு இன்னும் இளைக்கும்.

பிரிட்டனில் 'சாலரி' என்றாலே பெரும்பாலும் வரிக்கு முந்தைய ஆண்டுத் தொகை. முதலாளி தனியாகப் போடும் பென்ஷன் அதில் சேராது. ஆக, அங்கே நம் சி.டி.சி-யை 'சாலரி' என்று சொன்னால் உள்ளதைவிட உயர்த்திச் சொன்னதாகிவிடும். கிராஸ் தொகையைச் சொல்லுங்கள்.

எச்.ஆர். படிவங்களின் செல்லப்பிள்ளை 'லாஸ்ட் டிரான் சாலரி', அதாவது கடைசியாக வாங்கிய சம்பளம். 'டிரா எ சாலரி' இலக்கணப்படி சரி, சற்றே அலுவலக வாடை. பேச்சில் 'ஏர்ன்' போதும். கலிஃபோர்னியாவிலோ 2018 முதல் பழைய சம்பளத்தை வேலை கொடுப்பவர் கேட்கவே கூடாது. அங்கே கேள்வி 'சாலரி எக்ஸ்பெக்டேஷன்ஸ்' பற்றித்தான்.

பாக்கிச் சம்பளத்தை நாம் 'அரியர்ஸ்' என்போம், அவர்கள் 'பேக் பே' என்பார்கள். பிரிட்டிஷ் ஒப்பந்தத்தில் 'பெய்டு மன்த்லி இன் அரியர்ஸ்' என்று இருந்தால் பதறாதீர்கள்: வேலை பார்த்த மாதத்தின் சம்பளம் அதன் முடிவில் வரும், அவ்வளவுதான்.